கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை!

பழமொழிதான். நாற்காலி நெருங்கி வந்து நழுவிப்போன அரசியல்வாதியைப் பார்த்துச் சொல்வோம். தாம்பூலம் மாற்றிய பிறகு தட்டிப்போன திருமணத்தைப் பற்றிச் சொல்வோம். சொல்லிவிட்டுச் சிரிப்போம். ஆனால் தோழர்களே, அது பழமொழி மட்டுமன்று. ஒரு மனிதனின் காலைச் சிற்றுண்டி, பகலுணவு, இராச்சாப்பாடு — மூன்று வேளையும் அதுவே என்றிருக்கும் வீடுகள் இந்நாட்டில் ஆயிரமாயிரம் உண்டு. அதில் ஒரு வீடு என்னுடையது.

என் தந்தை தேநீர்க்கடைக்காரர். பேருந்து நிற்கும் இடத்தருகே, கீற்றுக் கொட்டகையில் தொடங்கி ஓட்டுக் கட்டடம் வரை, முப்பத்தைந்து ஆண்டுக்காலம் தேநீர் ஆற்றியவர். வலக்கை வானத்தை நோக்கிச் செல்லும். இடக்கை இடுப்புக்குக் கீழே இறங்கும். இடையிலே ஓர் அருவி! ஒரு சொட்டுச் சிந்தாது. அந்தக் கடைப் பலகையிலேதான் நான் எழுத்துக்கூட்டி நாளேடு படித்தேன். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட எனக்குப் பல்கலைக்கழகம் அந்தப் பலகைதான். துணைவேந்தர் தோளில் துண்டு போட்ட என் தந்தைதான்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு விடியற்காலை, குவளை விழுந்தது. குவளையோடு கையும் விழுந்தது. பக்கவாதம்! வலக்கை, வலக்கால், பேச்சிலே குழறல்.

மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். காப்பாற்றினார்கள். உயிரை மீட்டுக் கொடுத்தவர்களைக் குறை கூற எனக்கு நா எழாது, எழவும் கூடாது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையிலே ஒரு தாள். ஆறு வரி மாத்திரை, ஏழாவது வரி, “பிசியோ தொடரவும்.” அவ்வளவுதான். அந்தத் தாளைப் பின்னர் எத்தனையோ முறை புரட்டிப் பார்த்தேன். இவர் எப்படிச் சாப்பிடுவார், எப்படிச் சட்டை போடுவார், எப்படிக் கொல்லைப்புறம் போவார் என்று ஒரு சொல் இல்லை. எழுதத் தெரியாதவர்களா அவர்கள்? அல்லர். அதை எழுத வேண்டிய நாற்காலி அங்கே போடப்படவே இல்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழ்நாட்டில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டதே, அதன் வழியாக ஒரு பெண் வந்தார், இயன்முறைச் சிகிச்சையாளர். நாம் பிசியோதெரபி என்போமே, அது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் அந்தத் திட்டத்தில், நடக்க மாட்டாதவரை நடக்க வைக்கும் இந்த வேலையும் சேர்ந்திருக்கிறது. நல்ல திட்டம். அந்தப் பெண்ணின் உழைப்பால், இரண்டு மாதத்தில் என் தந்தை கோலூன்றி நடந்தார். தெருவே திரண்டு நின்று பார்த்தது. எதிர்வீட்டுக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நடந்தார்! ஆனால் எங்கே நடந்தார்? கட்டிலிலிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து கட்டிலுக்கு. சோற்றை அம்மா ஊட்டினார். பொத்தானை அம்மா போட்டார். கழிவறைக்குத் தம்பி தூக்கிச் சென்றான். கால் வந்தது; காரியம் வரவில்லை!

ஊட்டுவதிலும் ஒரு கொடுமை. யாரேனும் வீட்டில் இருந்தால் அவர் வாய் திறக்க மாட்டார்.

“சாப்பிடுங்கப்பா.”

“பசிக்கல.”

“காலையிலயும் ஒண்ணும் சாப்பிடலையே?”

“பசிக்கலன்னா விடேன்.”

பசி இல்லாமலா? ஊர்ப் பசியைத் தன் வடையாலும் தேநீராலும் ஆற்றியவர், ஊரார் முன்னிலையில் குழந்தையைப்போல் வாய் திறக்க வெட்கப்பட்டார். வலக்கை வராது. இடக்கையோ, கால் கழுவும் கை என்று சிறுவயது முதல் சொல்லி வளர்க்கப்பட்ட கை. அந்தக் கையால் உண்பதைவிடப் பட்டினி மேல் என்று அவர் எண்ணினார். கதவைச் சாத்திக்கொண்டு அம்மா ஊட்டுவார். உள்ளேயிருந்து பேச்சே கேட்காது. அந்த மௌனத்தை வாசலில் நின்று கேட்டவன் நான்.

நடை கற்பித்த அந்தப் பெண்ணிடமே முறையிட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார்: “அண்ணா, நடை என் வேலை. சட்டை போடுறது, சாப்பிடுறது, பாத்ரூம் போறது, இதையெல்லாம் திரும்பப் பழக்குறதுக்குன்னே தனியாப் படிச்சவங்க இருக்காங்க. ஓ.டி.ன்னு சொல்வோம். அவங்க எங்க கூட வர்றதில்லை.”

ஓ.டி.! ஆக்குபேஷனல் தெரபி! இதற்குத் தமிழிலே ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். தொழில்வழிச் சிகிச்சை என்பார் ஒருவர். செயல்முறைப் பயிற்சி என்பார் மற்றொருவர். ‘தொழில்’ என்ற சொல்லைக் கேட்டதும் என் சித்தப்பா கேட்டார், “அண்ணனுக்கு இந்த வயசுல கூடை பின்னவா கத்துக்கொடுக்கப் போறாங்க?” அவர் மீது குற்றமில்லை. பெயரே வழிமறித்து நிற்கிறது. ஆக்குபேஷன் என்பதற்கு இங்கே பொருள் சம்பளம் வாங்கும் வேலை அன்று. ஒரு மனிதனின் பொழுதை நிரப்பும் செயல்கள் யாவும் அதில் அடக்கம். பல் துலக்குவது, பேரனுக்குத் தலை வாரிவிடுவது, பூத் தொடுப்பது, கடையைத் திறப்பது, எல்லாம். நான் இதைச் செயல்வழிச் சிகிச்சை என்றே எழுதப் போகிறேன். செயலைக் கொண்டே செயலை மீட்பது என்று கொள்க.

தேடினேன். மாவட்டத் தலைநகரிலே ஓர் அம்மையார் இருந்தார். பேச வராத, ஓரிடத்தில் அமராத சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் தனியார் நிலையத்தில் பணி. நண்பரின் நண்பர் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரது ஓய்வு நாளில், எங்கள் ஊருக்கு வந்தார். எண்ணிப் பாருங்கள்: நண்பருக்கு நண்பர் இல்லாதவன் தகப்பன் என்ன ஆவான்?

வந்தவர் நாடி பார்க்கவில்லை; காலைத் தட்டிப் பார்க்கவில்லை. எதிரே அமர்ந்து கேட்டார்: “ஐயா, நல்லா இருந்தப்போ காலையில எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?”

நான்கு மாதத்தில் அவரை ஒருவரும் கேட்காத கேள்வி! மலம் போனதா என்று கேட்டோம். மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டோம். நீ யார், உன் நாள் எப்படி நடந்தது என்று கேட்டோமா? குழறிக் குழறி, கால்மணி நேரம் பேசினார் என் தந்தை. பாய்லருக்குக் கரி போடுவதில் தொடங்கி, இரவு பலகை சாத்துவது வரை. முடிவில் இரண்டு வேண்டுகோள். ஒன்று, கழிவறைக்குத் தனியாகப் போக வேண்டும். இரண்டு, ஒரு டீ போட வேண்டும்.

பிறகு நடந்தவை மந்திரமல்ல. தம்பி அவரைத் தூக்குவதைப் பார்த்ததும் அந்த அம்மையார் பதறித் தடுத்தார். விழுந்த கையைப் பிடித்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தான் அவன். பிடிப்பிழந்த தோள்மூட்டு அதனால் நழுவி இறங்கிவிடும், பிறகு வலி தீராது என்றார். அன்போடு தூக்கினோம், அன்போடே தோளையும் கெடுத்துக்கொண்டிருந்தோம்! கட்டிலின் கால்களுக்கடியில் மரக்கட்டை வைத்து உயரத்தைக் கூட்டினார். முன்னே குனிந்து, பாதத்தை ஊன்றி, தானே எழச் சொன்னார். எழுந்தார். சட்டையா? விழுந்த கைக்கு முதலில், நல்ல கைக்குப் பிறகு. கழற்றும்போது நல்ல கை முதலில். இந்த ஒரு சூத்திரம் தெரியாமல் நான்கு மாதம் என் தாய் மல்லாடியிருக்கிறார். கழிவறைக் குழியின் மேலே ஓட்டை நாற்காலி, இடப்பக்கச் சுவரிலே ஒரு இரும்புக் குழாய். செலவு ஆயிரத்துச் சில்லறை.

சாப்பாட்டுக்கு ஒரு கரண்டி. அதன் காம்பிலே துணி சுற்றித் தடிமனாக்கி இடக்கையில் கொடுத்தார். தட்டுக்கு அடியில் ஈரத்துணி, தட்டு நகராது. வலக்கையைச் சும்மா மடியில் போடக்கூடாது, தட்டின் விளிம்பிலே வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும், அதுவும் வேலை செய்யட்டும் என்றார். “கரண்டிதானே சோத்தைத் தொடுது, கை தொடலையே!” என்று என் தந்தை தமக்குத் தாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். பகுத்தறிவு பேசும் நான் இடக்கை வலக்கை ஏற்றத்தாழ்வை எத்தனையோ மேடையில் கிழித்தெறிந்திருக்கிறேன். என் வீட்டுத் திண்ணையில் என் பேச்சு எடுபடவில்லை, கரண்டி எடுபட்டது.

மூன்றே முறை வந்தார் அந்த அம்மையார். கதவு திறந்தது. என் தந்தை திண்ணையில் அமர்ந்து, தெருவைப் பார்த்தபடி சாப்பிட்டார். தன்மானம் என்று நாம் எழுதும் அந்தச் சொல்லுக்கு இத்தனை சிறிய உருவம் உண்டென்பது எனக்குத் தெரியாது.

இந்தக் கலை நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவிலே ஜார்ஜ் பார்ட்டன் என்றொரு கட்டடக் கலைஞர். காசநோய் வந்தது, காலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள், இடப்பக்கம் செயலற்றுப்போனது. ஒன்றன்மேல் ஒன்றாய் இத்தனை இடி. படுத்தால் சாவோம் என்று உணர்ந்த அந்த மனிதர், தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தம்மைத் தாமே மீட்டெடுத்தார். நியூயார்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1914இல் ‘ஆறுதல் இல்லம்’ கண்டார். 1917 மார்ச்சில் அந்த வீட்டிலே ஒரு சிலர் கூடி, செயல்வழிச் சிகிச்சைக்கென முதல் நாட்டளாவிய சங்கத்தை அமைத்தனர். மருத்துவர் ஒருவர், செவிலியர் பணிக்கும் கைவினைக் கல்விக்கும் தொடர்புடையோர், எலினார் கிளார்க் ஸ்லேகிள் என்ற சமூகத் தொண்டர் அம்மையார், எழுத்தர் பணி பார்த்த பெண் ஒருவர், நோயாளியாய் இருந்த பார்ட்டன். நோயாளி நாற்காலி போட்டு அமர்ந்து தொடங்கிய மருத்துவத் துறை வேறொன்று உண்டா, தெரிந்தவர் சொல்லலாம். உலகப் போரிலே கையிழந்து காலிழந்து வந்த வீரர்கள் இத்துறையை வளர்த்தார்கள். வளர்த்தார்கள் என்பதைவிட, அவர்களது வேதனை வளர்த்தது என்பதே பொருத்தம்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவரும் ஒரு பெண்மணிதான். எலிசபெத் லண்டி என்ற அமெரிக்கப் பெண், விஷ்ணு நிம்ப்கர் என்ற இந்தியரை மணந்து, 1930இல் இங்கே வந்து, கமலா நிம்ப்கர் ஆனார். பின்னர் பிலடெல்பியாவில் இப்பயிற்சியை முறையாகக் கற்றுத் திரும்பினார். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ஆசியாவிலேயே முதற்பள்ளி அதுதான் என்பர். 1952இல் அகில இந்தியச் சங்கம். அதே 1952இல் உலகச் சம்மேளனம் அமைந்தபோது, அதைத் தோற்றுவித்த பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடாவோடு சரிசமமாய் அமர்ந்தோம். முதல் வரிசையில் இடம்பிடித்த நாடு!

நம் வேலூருக்கும் இதில் பங்குண்டு. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் அங்கே, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். மூடிய கை திறந்தது. அந்த அறுவையால் திறந்த கைகளோடு திரும்பி வந்த சிலர் அவரிடம் என்ன முறையிட்டார்கள் தெரியுமா? இந்தக் கையைக் காட்டினால் முன்போல் பிச்சை விழவில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை என்றனர். எப்பேர்ப்பட்ட சவுக்கடி! அதை இகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல் பாடமாக எடுத்துக்கொண்டார் பிராண்ட். கையை நிமிர்த்தினால் போதாது, அந்தக் கைக்கு ஒரு காரியம் வேண்டும் என்று, ‘நவஜீவன’ இல்லம் அமைத்துத் தச்சு வேலை கற்பிக்கச் செய்தார். உணர்ச்சியற்ற விரல்கள் உளியால் புண்படாதிருக்கப் பிடி எப்படி அமைய வேண்டும் என்றெல்லாம் அங்கே ஆராய்ந்தனர். அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். 1966இல் மறுவாழ்வு நிலையமே கண்டார்.

விதை நல்ல விதை. விதைத்த நிலமும் நல்ல நிலம். பிறகு ஏன் விளைச்சல் என் திண்ணைக்கு வரவில்லை?

சட்டத்திலிருந்து தொடங்குவோம். மருத்துவருக்கு மன்றம் உண்டு. செவிலியருக்கு மன்றம் உண்டு. பல் பிடுங்குபவருக்கும் உண்டு. செயல்வழிச் சிகிச்சையாளருக்கு நாடு முழுமைக்குமான சட்டப் பதிவேடு இல்லாமலே எழுபதாண்டு கழிந்தது. 1997இல் டெல்லியும் 2002இல் மராட்டியமும் தத்தமக்கெனச் சட்டம் செய்துகொண்டன. 2021இல்தான் நாடாளுமன்றம் துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, இந்தத் தொழிலையும் தனி வகையாக அட்டவணையில் ஏற்றியது. 1950இல் பள்ளி, 2021இல் பதிவேடு! இடைப்பட்ட காலத்தில் ஆறு மாதச் சான்றிதழை மாட்டி வைத்துக்கொண்டு, ஊஞ்சலும் பந்தும் வாங்கிப் போட்டுக்கொண்டு, “தெரபி சென்டர்” பலகை தொங்கவிட்டவர்களைக் கேட்க நாதி இல்லை.

தேர்ந்தவர்கள் எங்கே போனார்கள்? கடல் தாண்டினார்கள் பலர். இங்கிருப்போரில் பெரும்பாலோர் நகரத்தில், சிறு பிள்ளைகளுக்கான தனியார் நிலையங்களில். பெற்றோர் கட்டணம் செலுத்துவர், நிலையம் நடக்கும். அதைத் தவறென்பேனா? அந்தப் பிள்ளைகளுக்கும் வேண்டியதுதான். ஆனால் எழுபது வயதுக் கிழவனுக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுத்தர யார் கட்டணம் செலுத்துவது? தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் ‘ரைட்ஸ்’ திட்டத்தின் ‘விழுதுகள்’ மையங்களில் இப்பயிற்சியும் இடம்பெற்றிருக்கிறது என்பதை மகிழ்வோடு சொல்கிறேன். விழுது வந்துவிட்டது, எங்கள் தெரு வரை இறங்க வேண்டும்.

இன்னொரு காட்சி. அந்த அம்மையாருடன் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். ஊரும் பேரும் வேண்டாம்; நடத்துபவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரு பாட்டி தட்டிலே வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு, இடப்பாதியை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவப் பார்த்தார். “தினமும் இதே கதைதான். பாதியைக் கொட்டிடும். கொழுப்பு!” என்றாள் பணிப்பெண். அம்மையார் ஒன்றும் பேசாமல் தட்டைத் திருப்பி வைத்தார். பாட்டி, “இன்னும் இருக்கா?” என்று கேட்டு மீதியையும் உண்டார்! கண் தெரியாமலா? கண் தெரியும். மூளையின் வலப்பக்கத்தில் வாதம் தாக்கினால் சிலருக்கு இடப்பக்க உலகமே கருத்தை விட்டு அகன்றுவிடும். இருப்பது தெரியாது, இல்லையென்பதும் தெரியாது. தட்டின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, சிவப்பு தெரியும் வரை தலையைத் திருப்பு, அங்கிருந்து தொடங்கு என்று பழக்க வேண்டும். எத்தனை நாள் அந்தக் கிழவி அரைவயிறாய்ப் படுத்தாளோ! அதற்கு நாம் வைத்த பெயர் கொழுப்பு!

அங்கே காலை எட்டு மணிக்குள் முப்பது பேரைக் குளிப்பாட்டிவிட வேண்டும், ஆட்கள் இருவர். குளிப்பாட்டிவிட்டால் ஒருவருக்கு ஐந்து நிமிடம். தானே குளிக்கவிட்டுத் துணை நின்றால் இருபது நிமிடம். எதைச் செய்வார்கள்? ஊட்டுவது விரைவு, உண்ண விடுவது தாமதம். தூக்குவது விரைவு, எழ விடுவது தாமதம். இவ்வாறாக நாளொன்றுக்கு ஒரு செயலாய்ப் பிடுங்கிக்கொண்டு, ஆறு மாதத்தில் அந்த முதியவரை மூட்டையாக்கிவிடுகிறோம். மூட்டையானதும், “பாவம், ஒன்றும் முடியாது அவருக்கு” என்று இரக்கப்படுகிறோம். முடியாமல் போனவர் சிலர். முடியாதவராக ஆக்கப்பட்டவர் பலர்.

எதிர்க்கட்சி வழக்கறிஞர் எழுந்து நிற்கிறார், தெரிகிறது. “இதற்கெல்லாம் ஒரு நிபுணரா? வீட்டாருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டால் போகிறது!” என்பார். நல்ல கேள்வி. இந்த நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 14 மருத்துவமனைகள், பக்கவாதம் கண்ட 1,250 பேர். ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து, மறுவாழ்வுப் பயிற்சியை வீட்டில் அவர்களே நடத்தும்படி செய்தார்கள். 2017இல் லான்செட் ஏட்டில் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்திற்குப் பின், அந்தப் பாதிக்கும் மற்றப் பாதிக்கும் வேறுபாடு இல்லை! வீட்டாரின் அன்பு மட்டும் கைத்திறன் ஆகிவிடவில்லை.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வேறொரு சோதனை. மருத்துவமனையில் சேராமல் வீட்டிலேயே இருந்த பக்கவாத நோயாளிகள் 185 பேர். ஒரு பகுதியினருக்குப் படித்த செயல்வழிச் சிகிச்சையாளர் வீடு தேடிச் சென்றார். 1999இல் அதே லான்செட் ஏடு சொன்னது: அவர்கள் அன்றாடக் காரியங்களில் மற்றவரை முந்தினர், பார்த்துக்கொள்ளும் உறவினர்களின் பாரமும் குறைந்திருந்தது. என் தாயின் முகத்தைப் பார்த்தபோது அந்தக் கடைசி வரி எனக்குப் புரிந்தது.

வழக்கறிஞர் விடவில்லை, இன்னொரு தாளை நீட்டுகிறார். நீட்டட்டும், மறைக்கமாட்டேன். 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஏட்டில் வந்தது. அந்நாட்டின் 228 பராமரிப்பு இல்லங்கள், பக்கவாதம் கண்ட 1,042 முதியவர்கள்; மூன்று மாதம் சிகிச்சை தந்தும் பயன் தென்படவில்லை. ஆம், தென்படவில்லை. அந்த இல்லங்களில் இருந்தோர் முதுமையிலும் தளர்விலும் நெடுந்தூரம் போய்விட்டவர்கள். பலர் நினைவும் தடுமாறியவர்கள். எல்லாவற்றையும் இழந்த பிறகு வந்து நிற்பதால் பயனில்லை என்பதற்கு அது சாட்சி என்றே நான் படிக்கிறேன். முன்கூட்டியே வா என்கிறது அந்தத் தாள். வராதே என்று சொல்லவில்லை.

அளவிட வழியில்லை என்பதும் பொய். 1965இல் அமெரிக்காவிலே மஹோனி, பார்தெல் என்ற இருவர் பத்துக் கேள்விகளில் நூறு மதிப்பெண் வைத்தார்கள். உண்கிறாரா, குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, படியேறுகிறாரா, மலம் சிறுநீர் அடக்குகிறாரா என்று. இன்றும் உலகெங்கும் அதே பட்டியல். அதை வகுத்தவர்களுக்கு நம் குந்தும் கழிவறை தெரியாது; தரையில் சம்மணமிட்டு உண்பது தெரியாது; நிலைப்படி தாண்டுவதும், குடத்தைச் சாய்ப்பதும், வேட்டியை இறுக்குவதும் தெரியாது. நமக்கு நாமே இன்னும் ஐந்தாறு கேள்வி சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இந்தப் பத்தையாவது, வீட்டுக்கு அனுப்பும் நாளில், அந்தத் தாளின் ஏழாவது வரிக்குக் கீழே எழுதக்கூடாதா? மாத்திரைக்கு இடம் உண்டு. மனிதனுக்கு இடம் இல்லையா?

நான் கேட்பது கோட்டை கட்டச் சொல்லியல்ல. வட்டத்துக்கு ஒரு செயல்வழிச் சிகிச்சையாளர். இயன்முறைச் சிகிச்சையாளர் ஏறும் அதே வண்டியில் இவருக்கும் ஓரிடம். வீடு திரும்பிய முதல் மாதத்துக்குள் மூன்று வருகை. முதியோர் இல்லங்களின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, எத்தனை பேர் தாமே உண்கிறார்கள் என்று ஒரு கேள்வி. அரசுக் கல்லூரிகளில் இப்படிப்புக்குக் கூடுதல் இடம். படித்து வந்தால் அமர ஒரு பணியிடம். பணியிடம் இல்லாமல் படிப்பை மட்டும் பெருக்கினால், விமான நிலையத்துக்குத்தான் வாடிக்கையாளர் பெருகுவர். இவை எந்தக் கட்சி ஆண்டாலும் நான் கேட்பவை. பக்கவாதம் கொடி பார்த்து வருவதில்லை.

டீ என்னாயிற்று என்று கேட்பீர்கள்.

முதல் பத்து நாள் வெறும் தண்ணீரை வைத்துத்தான் பழக்கினார் அந்த அம்மையார். கொதிக்கும் பாத்திரத்தைச் சாய்க்கக்கூடாது. கரண்டியால் முகந்து ஊற்ற வேண்டும். டம்ளருக்கு அடியில் அதே ஈரத்துணி. பால் உறையைக் குவளைக்குள் நிறுத்திவைத்து ஒரு கையால் கத்தரிப்பது. மூன்றாம் முறை அவர் வந்து புறப்படும் வேளையில், என் தந்தை இடக்கையால் ஒரு டம்ளர் தேநீரைத் தள்ளி வைத்தார். ஆற்றவில்லை, நுரை இல்லை, மேசையெல்லாம் சிந்தியிருந்தது. அம்மையார் குடித்துவிட்டு, “சர்க்கரை கொஞ்சம் தூக்கல் ஐயா” என்றார்.

“கடைக்கு வாங்க, சரியாப் போட்டுத் தர்றேன்” என்றார் என் தந்தை. கடை வாசலில் இரண்டு படி இருக்கிறது. ஒன்றைச் சரிவாக்கி, ஓரத்தில் குழாய் நட வேண்டும். கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், வருகிற வாரம் வருவதாகச் சொன்னார்.